சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டாம்

சிவகாமிக்கு,

எஞ்சினுக்குக் கரி வாங்க மிங்கலா தாங்ஞுன்ட் கடைத்தெருவுக்குப் போகிறேன். சாயங்காலம் தாமுவேயிலிருந்து பெண் வீட்டார் மறுபடியும் வருகிறார்கள். அவர்களுக்கு மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா பிடிக்கும். காரத்தைக் குறைத்துச் செய்.

நான் செய்த சின்ன நீராவி ரயில் எஞ்சினை மட்டும் தொடாதே. ஆயுத பூஜைக்கு அதன் சக்கரமெல்லாம் நல்லெண்ணெய் தடவிச் சந்தனம் அப்பினாயே, யாரைக் கேட்டுச் செய்தாய்? நீராவி தள்ளினால் இரும்புக் கட்டை சக்கரத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும்; அதுதான் பிரேக். எண்ணெய்ச் சக்கரத்தை எது பிடிக்கும்? மறுநாள் நம் பையனைப் பார்க்க வந்த பெண் வீட்டார் எல்லார் முன்னாலும் ஓட்டினேன். பிரேக்கை முழுக்கத் திருப்பியும் வண்டி வழுக்கிக்கொண்டே போய், தண்டவாளம் தாண்டி, பெண்ணின் அப்பா பொன்னுரங்கத்தின் மடியில் காப்பியைக் கவிழ்த்தது. “என்னங்க, ஓடத் தெரிஞ்ச வண்டிக்கு நிக்கத் தெரியலையே! உங்க பையனும் இப்படித்தானா?” என்று கேட்டார். ரயில்வே பட்டறையில் யாருக்கும் தலை குனியாதவன் நான். அன்று குனிந்து அவர் காலடியில் சிந்திய காப்பியைத் துடைத்தேன்.

கட்டைகளையும் சக்கரங்களையும் மண்ணெண்ணெயில் கழுவிவிட்டேன். இன்று வண்டி அவர் காலடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நம் பையனுக்கு அந்தப் பெண் இல்லை, நமக்கு மானமும் இல்லை.

பொட்டு வைத்தே ஆக வேண்டுமானால் புகைபோக்கியில் வை.

இன்னொன்று. பிரேக்கை நான்தான் சரியாகப் பூட்டவில்லை என்று நேற்று பொன்னுரங்கத்திடம் சொல்லிவிட்டேன். நீ எண்ணெய்க் கதையை எடுத்து என்னைப் பொய்யனாக்காதே. என்னைப் பார்த்துச் சிரித்தது போதும். உன்னைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.