தோற்றவன் கூழ் காய்ச்ச வேணும்

இன்று காலை தூசி மணந்தது, மச்சான்.

தேத்தண்ணிக் கோப்பையோடு ஜன்னலடியில் நின்றுகொண்டிருந்தேன். கோடை முழுக்க, வீட்டைச் சூடாக்குகிற ஹைற்சுங்கின் இரும்பு இடுக்குகளில் படிந்து கிடக்கும் தூசி முதல் சூடு பட்டதும் கருகுமே, அந்த மணம். குழாய்க்குள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு இரும்பு மெல்ல ஒரு தரம் சொடுக்குப் போட்டது. கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு. என்னையறியாமலே குதிக்காலால் நிலத்தில் இரண்டு தரம் இடித்துவிட்டேன். “வந்திட்டுது” என்று அதற்கு அர்த்தம். கீழ் வீட்டிலிருந்து நீ கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டில் இடித்துப் பதில் சொல்வாய். இன்றைக்கும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கீழ் வீட்டை இப்போது வாடகைக்கு எடுத்திருப்பவர் மாதத்தில் சில நாட்கள்தான் வந்து தங்குகிறவர். அவருக்கு என் குதிக்காலைப் பற்றி என்ன தெரியும்?

நவம்பர் பிறந்துவிட்டது. கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிற உங்களுடைய ஆத்துமாக்கள் திருநாள் போய்விட்டது. எங்களுடைய தீபாவளி அதற்கு முன்னமே முடிந்து, பலகாரத் தட்டும் கழுவி வைத்தாயிற்று. ஹைற்சுங் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. இதை நான் யாருக்குச் சொல்வது? பேக்கரியில் நிற்கும் பெண்ணுக்குச் சொன்னேன். “நல்லதுதானே, செலவு மிச்சம்” என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை.

ஜெர்மனிக்கு வந்து அகதி முகாமில் நாங்கள் ஒரே அறையில் கிடந்த முதல் இலையுதிர்காலம் உனக்கு நினைவிருக்கும். மன்னாரிலிருந்து வந்த நீ இரண்டு சோடி காலுறை போட்டு, தலைக்குத் துவாய் கட்டி, கட்டிலில் சுருண்டு கிடப்பாய். “உந்தக் குளிரிலை செத்தா ஆண்டவர்கூட என்னைத் தேடி வரமாட்டார்” என்று புலம்புவாய். ஒரு விடியற்காலை சமையலறையில் ஹைற்சுங் சூடானதும் முகாமில் இருந்த நம்மவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். முன்பின் கதைத்திராதவர்கள் அன்றைக்குக் கதைத்தார்கள். யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த, பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மாவை எடுத்துக் கொடுக்க, நீ கூழ் காய்ச்சினாய். மடித்துக் கோலிக் குடிக்கப் பிலாவிலை இல்லாத ஊரில் காப்பிக் கோப்பையில் ஊற்றிக் குடித்தோம். அங்கேதான் தொடங்கியது.

பிறகு கார்ல்ஸ்ரூஹேயில் இந்தக் கட்டடத்துக்கு வந்தோம். நீ மனைவியோடும் கைக்குழந்தையோடும் கீழே. கலியாணம் சரிவராத நான் மேலே. ஒவ்வொரு வருஷமும் கோடை முடியும்போது பந்தயம் கட்டுவோம். ஹைற்சுங் எப்போது வரும்? செப்ரெம்பர் கடைசியில் வருகிற அதிதூதர் மிக்கேல் திருநாள் உன்னுடையது. தீபாவளி என்னுடையது. எந்த நாளுக்குக் கிட்ட ஹைற்சுங் வருகிறதோ அந்த நாளுக்குரியவன் வென்றான். “தோற்றவன் கூழ் காய்ச்ச வேணும்” என்பது நீ போட்ட சட்டம். ஊரில் இருக்கிற தமிழ்ச்சனம் முழுக்க வந்து குடிக்கும். மாடிப்படியில் சப்பாத்துக் குவிந்து கிடக்கும்.

அந்தக் காலத்தில் நீதான் வென்றாய். செப்ரெம்பர் முடியவே காரின் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும். உன் மிக்கேல் வாளோடு வந்து கதவைத் தட்டுவது போல ஹைற்சுங் வந்துவிடும். நான் காய்ச்சுவேன். ஹோட்டல் குசினியில் வேலை செய்கிற நான் காய்ச்சிய கூழைக் குடித்துவிட்டு, “இது கூழோ, ஜெர்மன் சூப்போ?” என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்பாய்.

எப்போது மாறத் தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு வருஷம் நான் வென்றேன். அடுத்த வருஷம் நீ. பிறகு நான், பிறகும் நான். ஒக்ரோபரில் ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு வெளியே இருந்து ஐஸ் குடித்தார்கள். குளிர் புகாமல் கட்டடத்துச் சுவருக்குப் பஞ்சு வைத்து மூடியதும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பஞ்சு போர்த்தாத கட்டடங்களிலும் அதே கதை. “நீ வெயிலுக்கு என்னடா லஞ்சம் குடுத்தனீ?” என்று கேட்டாய். வெல்வதில் முதலில் எனக்குக் கொண்டாட்டம். பிறகு பிறகு கூச்சமாகிவிட்டது. கோடையில் றைன் ஆற்றில் தண்ணீர் வற்றிக் கல்லுத் தெரிந்தது. உன் மனைவி நட்ட மரம் பட்டுப்போனது. நான் எதை வென்றுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சனமும் குறைந்தது. பிள்ளைகள் படித்து, உழைத்து, வெளியே புது வீடு கட்டிப் போனார்கள். அந்த வீடுகளில் சூடு நிலத்துக்குக் கீழே ஓடுகிறது. தூசி மணப்பதில்லை, இரும்பு சொடுக்குப் போடுவதில்லை. எப்போது வந்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. முதல் நாள் என்று ஒன்று இல்லாதவர்களைக் கூழுக்கு எப்படிக் கூப்பிடுவது? “வாறம் அண்ணை, இந்த முறை கட்டாயம்” என்பார்கள். வரமாட்டார்கள். குளிர் இருந்தவரைக்கும் சேர்ந்திருந்தோம். உன் மனைவியும் போய்ச்சேர்ந்து, மகள் தூரத்தில் கார்ஹிங் என்கிற ஊரில் வேலை எடுத்துப் போனபிறகு, பானைக்கு முன்னால் நீயும் நானும்தான்.

ஆனாலும் நீ சும்மா விடுகிற ஆளா? ஒரு செப்ரெம்பர் மாதம், வெளியே வெயில் எறிக்கிறது, உள்ளே எல்லா வீட்டு ஹைற்சுங்கும் கொதிக்கிறது. ஜெர்மன்காரர் வேர்த்து வழிந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு நின்றார்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்ரர் தலையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் வடக்குச் சுவரில் அதைக் கண்டுபிடித்தார். வெளிக்குளிரை அளந்து ஹைற்சுங்கைத் தொடக்கிவிடுகிற சின்னப் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. அதன்மேல் ஒரு பொலித்தீன் பை கட்டி, அதற்குள்ளே தமிழ்க் கடையில் வாங்கிய, தமிழில் பெயர் எழுதிய உறைந்த தேங்காய்ப்பூப் பைக்கற். சொட்டுச் சொட்டாக உருகிக்கொண்டிருந்தது.

அவர் அதை நேரே என்னிடம் கொண்டுவந்தார். நான் வாசலில் நின்றேன். நீ எனக்குப் பின்னால், ஒன்றும் தெரியாத குழந்தை போல.

“இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார்.

“தேங்காய்ப்பூ.”

“ஏன் என் சுவரில் தொங்குகிறது?”

எனக்கு வாயில் வந்தது அதுதான். “எங்கள் சமயத்தில் ஒரு சடங்கு” என்றேன்.

அந்த மனிதர் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து யோசித்தார். பிறகு மிகவும் மரியாதையாக, “சடங்குக்கு நான் எதிரில்லை. வேறு சுவரில் செய்யலாமா?” என்று கேட்டார். கதவைச் சாத்தியதும் நீ நிலத்தில் இருந்து சிரித்த சிரிப்பு! “உன்ர சமயமோ, என்ர சமயமோ எண்டு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?” என்று கேட்டாய். கள்ளத்தனம் பண்ணியவன் தோற்றவன்தான் என்று நான் தீர்ப்புச் சொல்ல, அந்தத் தேங்காய்ப்பூவில் சம்பல் போட்டு, கூழும் காய்ச்சினாய்.

உன் கடைசி இலையுதிர்காலத்துக்கு வருகிறேன். வராமல் போகலாம் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் உன்னை வீட்டுக்கு விட்டார்கள். மகள் லீவு போட்டுவிட்டு வந்து உன்னோடு நின்றாள். வெளியே நல்ல வெயில். உன் உடம்பில் மட்டும் மார்கழி. அவள் மின்சாரத்தில் சூடு ஊதுகிற சாமான் ஒன்று வாங்கிவந்தாள். “உது காத்து. ஹைற்சுங் இல்லை” என்று நிறுத்தச் சொன்னாய். என்னைப் பார்த்து, “ஹைற்சுங் வரட்டும் மச்சான். கூழ் குடிச்சிட்டுத்தான் போவன். அதுவரைக்கும் இருப்பன்” என்றாய்.

நீ பகிடியாகத்தான் சொல்லியிருப்பாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். காலையில் எழும்பி ஜன்னலைத் திறப்பேன். சூடான காற்று முகத்தில் அடித்தால் இன்றைக்கும் நீ இருப்பாய் என்று நெஞ்சு ஆறும். உன் மிக்கேல் திருநாளும் போனது, ஹைற்சுங் வரவில்லை. வாழ்நாள் முழுக்க விளையாட்டுக்கு வெயிலின் பக்கம் நின்றவன், அந்த வருஷம்தான் உண்மையாக நின்றேன். ஊர் உலகம் எல்லாம் இந்த வெயிலை நினைத்துப் பயப்படுகிறது. நானோ இன்னும் அடி என்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பின்னேரம் உன் மகள் மேலே ஏறி வந்தாள். “மாமா, அப்பா கேக்கிறார், இன்னும் வரேல்லையோ எண்டு. காலைத் தொட்டுப் பாருங்கோ, ஐஸ் மாதிரிக் கிடக்கு. எனக்குப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமக் கிடக்கு” என்று அழுதாள். நான் வந்து தொட்டேன். இரண்டு சோடி காலுறைக்கு மேலாலும் குளிர்ந்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். நீ குளிராமல் இருக்கவேண்டும், குளிர்காலமும் வராமல் இருக்கவேண்டும் என்றால் எப்படி? அன்றைக்கு எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

ஹவுஸ்மைஸ்ரரைத் தேடிப் போனேன். பொத்தான் எதுவும் தன் கையில் இல்லை, எல்லாம் கம்பனிக்காரர் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றார்.

“அப்படியென்றால் அந்தச் சடங்கை இன்னும் ஒரு தரம் செய்யலாமா?” என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “கீழ்வீட்டு மனிதருக்கா?” என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் போய் ஏணியை எடுத்துவந்து, நான் ஏறும்போது பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் முதல் தரமே எல்லாம் விளங்கிக்கொண்டவர், மச்சான். நாங்கள்தான் அவரைப் பேய்க்காட்டியதாக நினைத்திருக்கிறோம்.

தேங்காய்ப்பூ கைவசம் இருக்கவில்லை. கூழுக்கென்று வாங்கி வைத்திருந்த உறைந்த நண்டைக் கட்டினேன். அது இளகியதும் இறால், இறால் இளகியதும் மீன். இளகியது ஒவ்வொன்றும் நேரே பானைக்குப் போனது. இருட்டுப்படுகிற நேரம் உன் கட்டிலடியில் இருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். குழாயில் தண்ணீர் ஓடியது.

“மச்சான், தூசி மணக்குதடா” என்றாய்.

“ஓம். வந்திட்டுது.”

“ஆர் வெண்டது?”

“நீதான். மிக்கேல் போய்க் கொஞ்ச நாள்தானே.”

கண்ணைத் திறக்காமலே, “என்னத்தைக் கட்டினனீ?” என்று கேட்டாய்.

“நண்டு.”

இருமல் வரும்வரைக்கும் சிரித்தாய். கரண்டியால் தந்த கூழை வாயில் வைத்து, “ஜெர்மன் சூப்” என்றாய். இரண்டாவது கரண்டி உன்னால் ஏலவில்லை.

நத்தாருக்கு முந்தின அட்வெந்தின் முதல் மெழுகுதிரி கொளுத்துவதற்கு முன்னம் நீ போய்விட்டாய். உன் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் தடித்த கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு இதமான நாள். குளிருக்குப் பயந்த உனக்காகத்தான் போல என்று உன் மகள் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

போன வருஷம் கட்டடத்துக்குப் புதுக் கொதிகலன் பூட்டினார்கள். நிலவறையில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற பழையதை வெட்டி வெட்டி வெளியே எடுத்தார்கள். புதியது ஓர் அலுமாரி அளவுதான். ஹவுஸ்மைஸ்ரர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். “பழையதைப் பூட்டிய காலத்துக் குளிர் இனி இந்த நகரத்துக்கு வராதாம். கணக்குப் பார்த்துச் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள்” என்றார். மிச்ச இடத்தில் சைக்கிள் விட்டிருக்கிறார்கள். வடக்குச் சுவரில் அந்தப் பெட்டியும் இல்லை. இப்போது நாளைக்கு என்ன காலநிலை என்று எங்கேயோ இருந்து கேட்டு அதுவே முடிவெடுக்கிறதாம். சுவரில் இரண்டு ஆணித் துவாரங்கள் மட்டும் இருக்கின்றன. அதற்கு இனி நண்டு கட்ட ஏலாது.

ஊர் முழுக்கச் சூடாகிறது என்கிறார்கள். என் கால் மட்டும் குளிர்கிறது, மச்சான். நீ கீழே இருந்து குளிருக்குப் பயந்து எரித்த சூடு முகட்டால் ஏறி என் நிலத்துக்கு வரும். இத்தனை வருஷமும் நான் வெறுங்காலோடுதான் வீட்டுக்குள்ளே நடந்தேன். நான் குளிர் தாங்குகிறவன் என்று ஊருக்கெல்லாம் பெருமை பேசினேன். உன் சூட்டில் குளிர்காய்ந்தேன் என்று நீ போனபிறகுதான் தெரிந்தது. கீழ் வீட்டு ஹைற்சுங் இப்போது பூட்டியே கிடக்கிறது. நான் இரண்டு சோடி காலுறை போடுகிறேன்.

“ஒராளுக்குக் கூழ் காய்ச்ச ஏலாது மச்சான், எவ்வளவு குறைச்சாலும் ஊருக்குக் காணும்” என்று சொல்வாய். சரிதான். ஆனாலும் கோடை முடிய, பழக்கதோஷத்தில் பந்தயம் கட்டினேன். நான் கட்டியது மிக்கேல் திருநாளை. நீ போனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் கட்டுகிறேன். உன் பக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டாமா? என் தீபாவளிக்கு ஆளே இல்லை. இருந்தும் அதுதான் வென்றது.

சட்டம் சட்டம்தானே. உன் மகளுக்குப் போன் எடுத்து ஹைற்சுங் வந்துவிட்டதென்று சொன்னேன். “ஆர் மாமா தோத்தது?” என்று கேட்டாள். “நானும் உன்ர அப்பாவும்” என்றேன்.

பெரிய பானையைக் கழுவி அடுப்பில் வைத்திருக்கிறேன். நண்டு இளகிவிட்டது. எழும்புகிறேன்.