குட்டி தங்காத ஆடுகள்

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். போன்ல பேசுனா அழுதிருவேன், அதான் எழுதுதேன்.

எங்க பண்ணையில குளோனிங் குட்டி பொறந்துட்டு. அழியப்போற கீழக்கரிசல் இனத்துல ஒரு கிழட்டு ஆட்டோட காதுத் தோலை எடுத்து, கருவாக்கி, சாதாரண ஆடுக வயித்துல வச்சோம்லா, அதுல ஒண்ணு. நல்லாத் துள்ளுது. களக்காட்டுல இருந்தெல்லாம் சனம் பார்க்க வருது. எனக்கும் மாலை போட்டாங்க.

மாலையைக் கழட்டாமலே பின்னால உள்ள கொட்டகைக்குப் போனேன். கரு தங்காத ஆடுக அங்கனதான் நிக்குது. கரு தங்குறதுக்கு எல்லாத்துக்கும் ஊசி போட்டது நான்தான். முந்தாநாள் ஒரு ஆடு குறைமாசத்துல குட்டி போட்டுது. செத்த குட்டியை நாங்க எடுத்துட்டோம். தாயாடு வெறும் வைக்கோலை நக்கிக்கிட்டே கத்துது.

"அடுத்த மாசம் இதுகளுக்கு மறுபடியும் கரு வச்சிருவோம்"ன்னாரு எங்க அதிகாரி குமரகுருபரன்.

"கொஞ்சம் ஓய்வு குடுங்க சார்."

"ஆட்டுக்கு என்னம்மா தெரியும்?"ன்னு சிரிச்சாரு.

அந்த இனம் பொழைக்கணும்னு நானும்தான் ஆசைப்பட்டேன். ஆனா இனி ஊசி போடமாட்டேன்னு சொல்லிட்டேன். வேலை இருக்குமோ என்னமோ.

நீங்க லீவுல வர்றதுக்கு முன்னாலயே எனக்கு மறுபடி குழந்தைக்கான ஊசியை ஆரம்பிக்கணும்னு பாளையங்கோட்டை டாக்டரம்மா சொன்னாங்க. மாமியும் தெனம் கேக்காங்க. போன தடவை கரு கலைஞ்சு ஆஸ்பத்திரியில நான் கிடந்ததை நீங்க பார்க்கல. தம்மாம் கம்பெனியில லீவு குடுக்கல, அது உங்க குத்தமில்ல.

எனக்கு வேண்டாம் மச்சான். டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். மாமிகிட்ட நீங்கதான் சொல்லணும்.

லீவுக்கு வாங்க. என்னைப் பார்க்க மட்டும் வாங்க.

இப்படிக்கு
உங்க மனைவி