ரேகை விழாத விரல்

நெல் வாசனை மாறாத என் அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நேற்று நம் ரேஷன் கடையில் என் விரல் ரேகையும் மெஷினில் விழவில்லை. ஸ்ரீரங்கத்து மெஸ் ஒன்றில் நாலு வருடமாகப் பாத்திரம் தேய்க்கிறேனே, தேய்க்கிற பொடி ரேகையைத் தின்றுவிட்டது. உடனே உன் ஞாபகம்தான் வந்தது.

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் களத்தில் முப்பது வருடம் நெல் காயவைத்து அள்ளிய கை உன்னுடையது. உன் கார்டில் நீ ஒருத்திதான். வேறு விரல் வைக்க ஆளில்லை. ரேகை தெளிவாகத் தெரியட்டும் என்று ரேஷன் நாளில் குளித்ததும் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போவாய். அதுவே வினையாயிற்று. கண்ணாடியில் விரல் வழுக்கியதுதான் மிச்சம். மூன்று மாதம் வெறும் பையோடு திரும்பினாய்.

மூன்றாம் மாதம் கடைக்காரர், "கை ரொம்ப ரஃப்பா இருக்கும்மா" என்றார். அப்படியானால் என் பங்கு அரிசி எங்கே போகிறது என்று நீ சத்தம் போட்டாய். பேச்சும் ரஃப்பாகத்தான் இருக்கிறது என்று அவர் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். வரிசையும் சிரித்தது. என் கார்டோடு மூன்று பேர் தள்ளி நின்ற நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாய். கைக்குச் சொன்னால் சொரசொரப்பு, பேச்சுக்குச் சொன்னால் முரட்டுத்தனம் என்றேன். அப்படியே நின்றுவிட்டாய்.

"நெல்லுலயே கிடந்த கைடி, சொரசொரன்னுதான் இருக்கும். என் அரிசியக் கேட்டா அது எப்படிடி முரட்டுத்தனம்?"

கொஞ்சம் பதமாகப் பேசக் கூடாதா என்று உன்னையே கடிந்துகொண்டேன். எப்படித்தான் மனசு வந்ததோ எனக்கு?

நேற்று நடந்ததைக் கேள். வேறு வழியே இல்லையா என்று கடைக்காரரிடம் கேட்டேன். ரேகை விழாதவர்களுக்குக் கண்ணைப் பதிவு செய்யும் கருவி அந்தக் கடையிலேயே இருக்கிறதாம். கேட்டால்தான் வெளியே எடுப்பார்களாம். என் அம்மா வந்தபோதும் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார்.

கண்ணைக் காட்டி என் அரிசியை வாங்கியும் நான் நகரவில்லை. பின்னால் செல்லம்மா அத்தை நின்றிருந்தார், உன்னோடு களத்தில் வேலை பார்த்தவர். அவருக்கும் இரண்டு மாதமாக ரேகை விழவில்லை.

"இவங்களுக்கும் கண்ணு வச்சுப் பாருங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்" என்றேன். தெருமுனை வரை கேட்டதாம். கேட்கட்டுமே. அத்தை பை நிறைய அரிசியோடு போனார்.

அன்று நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். அதற்குப் பெயர் முரட்டுத்தனம் இல்லை அம்மா. உன் பங்கை நீ கேட்டாய், அவ்வளவுதான். கூட ஒரு குரல் சேர்ந்திருந்தால் அன்றே அந்தக் கருவி வெளியே வந்திருக்கும். அந்தக் குரல் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

இனி ரேஷன் நாளில் மெஸ்ஸுக்கு லீவு சொல்லிவிடுவேன். கடை பூட்டும் வரை வாசலிலேயே இருப்பேன். விரல் விழாத ஒருத்தியையும் வெறும் பையோடு படியிறங்க விடமாட்டேன். இது உறுதி.

அன்று வரிசையில் உன்னைத் தெரியாதவள்போல் நின்ற
உன் மகள் மல்லிகா