தோட்டத்தில் என்ன மரம் நிற்கிறது

அடியே,

இன்று காலை காலி வீதியில் மழைக்கு ஒதுங்கிப் பஸ்ஸுக்காக நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் கைப்பையைத் திறந்து நகத்துக்குப் பூச்சுப் பூசத் தொடங்கினாள். வேலைக்கு ஓடுகிற அவசரம், பாவம். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் பழைய கோபம் முழுவதும் சுடச்சுடத் திரும்பி வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "மணம் பிடிக்காதோ அன்ரி?" என்றாள். வேறு நாளென்றால் அன்ரி என்றதற்கே நன்றாக முறைத்திருப்பேன். இன்று என் கோபம் முழுவதும் வேறொருவர் பேரில் இருந்தது, அவளுக்குக் கொடுக்க மிச்சமில்லை.

எனக்கு அது உன் தும்புத்தடியின் மணம். கடைசி வருடத்துச் செயற்றிட்டத்துக்குத் தண்ணீர் அளக்கக் கருவி வேண்டுமென்று நாம் கேட்டுக் களைத்த பிறகு, நீ உன் அம்மா வீடு கூட்டும் பழைய தும்புத்தடியில் தும்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் தடியோடு வந்தாய். சிவப்பு நகப்பூச்சால் அதில் மூன்று வளையம் போட்டிருந்தாய். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். உன் காலை வைத்தே அளந்தது. அளவுகோல் என்றால் சென்டிமீட்டர் வேண்டாமா என்று கேட்டேன். பெண்ணென்றாலும் உனக்கு நான் மச்சான்தானே.

"சென்டிமீட்டர் சொன்னா எங்க தோட்டத்து ஆளுங்களுக்கு விளங்காது மச்சான். முழங்கால் வரைக்கும் தண்ணின்னு சொல்லு, குழந்தைக்கும் விளங்கும்."

தோட்டம். அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து முதல்முறை கேட்ட நாளை நீ எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய்! பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் வீடு எங்கே என்று கேட்டேன். கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்துக்குள்ளே என்றாய். நான் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் தோட்டம் என்றால் அப்பா சொல்லும் யாழ்ப்பாணத்துச் செம்மண், வெங்காயம், மிளகாய்க் கன்று. கொழும்புக்குள்ளே தோட்டம் வைத்திருக்கிறாளே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. "தோட்டத்தில என்னென்ன மரம் நிக்குது?" என்று ஆசையாகக் கேட்டேன். நீ கன்டீன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாய்.

"மரம் ஒண்ணும் நிக்கலடி. தண்ணிதான் நிக்குது."

பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் ஒழுங்கை, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்ட ஒற்றை அறை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், நடுவில் கழிவுநீர் ஓடும் ஒரு கான். அந்தக் கான் அடைத்தால் வீட்டுக்குள்ளே தண்ணீர். அதற்குத்தான் இந்த ஊரில் தோட்டம் என்று பெயர். அன்றிலிருந்து நான் எங்கே எதைப் பிழையாக விளங்கிக்கொண்டாலும் நீ, "என்ன மரம் நிக்குது மச்சான்?" என்றுதான் கேட்பாய்.

நிலைபேறான நகர முகாமைத்துவம் என்று நம் படிப்புக்கு எவ்வளவு பெரிய பெயர்! அதைப் படிப்பித்த விரிவுரையாளர், நம் சேருக்கு, அதைவிடப் பெரிய பெயர். நம் செயற்றிட்டத்துக்கு அவர்தான் மேற்பார்வை. உன் ஒழுங்கையை வந்து பாருங்கள் என்று ஒவ்வொரு மாதமும் கூப்பிட்டோம். "மழை முடியட்டும் பிள்ளையள், வந்து பாக்கிறன்" என்பார். மழைத் தண்ணீரைப் பார்க்க மழை முடிந்து வரும் மனிதரை நீயும் நானும் வேறெங்கும் கண்டதில்லை. அவர் வரவே இல்லை.

நாம் மழையில் நின்றோம். நீ தடியை ஊன்றுவாய், நான் குடையைப் பிடித்துக்கொண்டு வரைவேன். மீன்காரர் கானுக்கு மேல் மேசை போட்டதால் தண்ணீர் நெளிந்து போகும் இடத்தை நீ சின்னதாக ஒரு வளைவு போட்டுக் காட்டச் சொன்னாய். உன் அம்மா கதவடியில் நின்று, "ரெண்டு பேரும் காய்ச்சலை வாங்கிக்கிட்டுத்தான் வருவீங்க" என்று திட்டிக்கொண்டே பிளேன்டீ தருவா. வரைபடத்தைத் தமிழில்தான் எழுத வேண்டுமென்று நீ பிடிவாதம் பிடித்தாய். யாருடைய கானோ அவர்களால் வாசிக்க முடிய வேண்டும் என்றாய். அதில் உன் ஒழுங்கைக்கு நேரே தோட்டம் என்று உன் கையால் எழுதினாய். சேர் வாங்கிப் பார்த்தார், நல்ல முயற்சி என்றார், தன் அறையில் வைத்துக்கொண்டார்.

படிப்பு முடிந்தது. நான் மருதானையில் ஒரு வரைபட நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒரு மத்தியானம் நீ தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரிக்கிறாய், பேச்சே வரவில்லை. உங்கள் சனசமூக நிலையத்துச் சுவரில் வடிகால் திட்டத்தின் பெரிய வரைபடம் தொங்குகிறதாம். திட்டத்துக்கு ஆலோசகர் நம் சேர். மீன்காரர் வளைவுகூட அப்படியே இருக்கிறதாம். உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை.

"அதுகூடப் பரவால்ல மச்சான். எங்க ஒழுங்கைக்கு என்ன கலர் அடிச்சிருக்குன்னு சொல்லு பாப்பம். பச்சை! மக்கள் பேணிவரும் நகரத் தோட்டம்னு கீழே விளக்கம் வேற. காய்கறி விளையுதாம்டி எங்க வீட்டில!"

வந்து பார்த்தேன். நீ சொன்னது சரி. நம் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், உன் கையெழுத்தில் இருந்த அந்த ஒரு சொல்லை, என் அப்பாவைப் போலவே யாழ்ப்பாணத்தில் கேட்ட அர்த்தத்தில் எடுத்து, ஆங்கிலத்தில் போட்டு, பச்சை பூசிவிட்டார். ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கொட்டாஞ்சேனையில் யாரையாவது கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். சிவப்பு அடித்த இடங்களுக்குத்தான் முதலில் கான் வெட்டுவார்கள். பச்சைக்குக் கடைசியில். மண் தண்ணீரைக் குடித்துக்கொள்ளுமாம்.

 அப்போதே அவர் அறைக்குப் போய்க் கத்துவோம் என்றேன். நீதான் தடுத்தாய். மக்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு கூட்டம் வைக்கப் போகிறார்கள், அதில் எழும்பி ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன் என்றாய். என்ன கேள்வி என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

கூட்டம் தள்ளிப் போனது. மழை தள்ளிப் போகவில்லை. உன் ஒழுங்கையில் தண்ணீர் நின்றது, வடியவில்லை, நுளம்பு பெருகியது. உனக்கு டெங்கு. பொரளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "கூட்டம் எப்பன்னு பாத்துச் சொல்லு" என்றாய். கூட்டத்துக்கு முன்னால் நீ போய்விட்டாய்.

எந்தக் கானில் பிறந்த நுளம்பு என்று யாராலும் சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் செத்த வீட்டுக்கு அவர் மலர்வளையத்தோடு வந்தார். முதல்முறையாக உன் ஒழுங்கைக்கு வந்தார். அன்று வெயில், தண்ணீர் வடிந்திருந்தது. ஆட்களுக்கு விரித்திருந்த பாயைத் தாண்டி உன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, "என்ர அருமையான மாணவி" என்று உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இது என்ன இடம் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த பிளேன்டீயை நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதரை நாலு பேருக்கு முன்னால் நிறுத்தாமல் விடமாட்டேன் என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

கூட்டத்துக்கு உன் அம்மாவோடு போனேன். முன்வரிசையில் இருந்தோம், தடி என் மடியில். திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு சிங்கள அதிகாரி வந்திருந்தார். சேர் வெள்ளைச் சட்டையில் நின்று அழகாகப் பேசினார். கொட்டாஞ்சேனை மக்கள் நகரத்துக்கு நடுவில் பசுமையைக் காப்பாற்றுகிறார்கள் என்றார். பின்வரிசை ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேள்வி உண்டா என்றார். எழும்பினேன். தடியை ஊன்றிக்கொண்டேன்.

"சேர், அந்தப் பச்சை அடிச்ச தோட்டத்தில என்னென்ன மரம் நிக்குது?"

என்னை அடையாளம் கண்டு சிரித்தார். "நல்ல கேள்வி பிள்ளை. மரம் எண்டு பெரிசா இல்லை, இடம் காணாதுதானே. கீரை, வாழை, பயித்தை அப்பிடித்தான். வீட்டுத்தோட்டம்."

 யாரோ ஒரு பெண், "எங்க கீரை பாத்தீங்க சேர்? எனக்கும் ஒரு கட்டு வேணும்" என்றா. சிரிப்பு வெடித்தது. கதிரைகள் ஆடின. அவர் முகத்தில் ஈயாடவில்லை. நீ இருந்திருக்க வேண்டுமடி, நீ இருந்திருக்க வேண்டும்.

அதற்குள் உன் அம்மா எழும்பினா. சிரிப்பு தானாக அடங்கியது.

"மரம் ஒண்ணும் நிக்கல சேர். தண்ணிதான் நிக்குது. எம் புள்ளை அதிலதான் போனா."

நீ பகிடிக்குச் சொன்ன அதே சொற்கள். நீ அம்மாவுக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதிகாரி என்ன விஷயமென்று சிங்களத்தில் கேட்டார். ஒருவர் இரண்டு வார்த்தையில் சொன்னார். "ஆ, வத்த!" என்று அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். சிங்களத்தில் தோட்டம் என்றால் வத்த, இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கும் இதே அர்த்தம்தான். சிங்கள அதிகாரிக்கு ஒரு நொடியில் விளங்கியது நம் தமிழ்ச் சேருக்கு விளங்கவில்லை. அதிகாரி எழும்பிப் போய்ப் பச்சைக்கு மேலே சிவப்புப் பேனையால் அடித்தார். இரண்டும் கலந்து கடைசியில் கான் தண்ணீரின் நிறம்தான் வந்தது.

வாசலில் சேர் என்னை மறித்தார். "என்னட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. இத்தனை சனத்துக்கு முன்னால..."

"அவள் இத்தனை சனத்துக்கு முன்னாலதான் கேக்க இருந்தவள், சேர்."

"சரி, வரைபடத்தில அவவின்ர பேரையும் போடுறன்."

"வேண்டாம். உங்கட பேருக்குப் பக்கத்தில அவளின்ர பேர் வேண்டாம். உங்கட பேரை எடுத்திட்டுப் போடுங்கோ."

இதை எழுதும்போதே கை இனிக்கிறது. பழி வாங்குவது கெட்ட குணம் என்பார்கள். இருக்கட்டும். உன் ஒழுங்கையில் கான் வெட்டியாகிவிட்டது, போன மழையில் உன் அம்மாவின் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. வரைபடத்தில் இப்போது நம் பெயர்கள் இருக்கின்றன. இதெல்லாம் நல்லதுதான், ஆனால் அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. நல்லது நடந்தால் கோபம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. நீ இல்லாத ஒழுங்கையில் கான் துப்புரவாக ஓடுவதைப் பார்த்தால் இன்னும் கூடத்தான் வருகிறது.

அதனால் அவர் எங்கே பேசினாலும் போகிறேன். முன்வரிசையில் உட்காருகிறேன், தடியை மடியில் வைத்துக்கொள்கிறேன். இன்றைக்குக் கொம்பனித்தெருவில் கூட்டம். பஸ்ஸால் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோ ஓட்டிய முஸ்லிம் நானா தடியைப் பார்த்து, "என்ன தங்கச்சி, கான் துப்புரவாக்கவா போறீங்க?" என்றார். "ஓம் நானா" என்றேன்.

சேர் என்னைக் கண்டதும் பேச்சைப் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். தோட்டம் என்ற சொல் வந்த இடத்தில் நின்று, ஒழுங்கை, ஒற்றை அறை, பொதுக்குழாய் என்று சரியாக விளக்கினார். முடிவில் என்னைப் பார்த்துச் சின்னக் குரலில் கேட்டார்.

"கேள்வி இருக்கா பிள்ளை?"

"இஞ்சத்தைத் தோட்டத்தைப் போய்ப் பாத்தனீங்களா, சேர்?"

"ஓம். காலமை போனனான். மழைக்குள்ள."

மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். உண்மைதான். அவருடைய காற்சட்டை கணுக்கால் வரை நனைந்து சேறாகியிருந்தது. நான் தடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அது என் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. கணுக்கால் வரை வந்திருக்கிறார். உன் தடியில் மேலே இன்னும் இரண்டு வளையம் இருக்கின்றன.