பல் ஆஸ்பத்திரிக் கருவிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

மண்சாடிகளில் பூ செதுக்க, முதலாளி பல் ஆஸ்பத்திரியின் பழைய கருவிகளை வாங்கிவந்தார். ஒன்றின் நுனியில் காய்ந்த ரத்தக்கறை இருந்தது.

"ஆஸ்பத்திரி மெஷின்லயே ஆவியில அவிச்சுக் கொண்டாங்க, அப்புறம் தொடுறேன்" என்றேன்.

"கழுவினா போதும். இஷ்டமில்லன்னா கிளம்பு."

"கிளம்பவும் மாட்டேன், தொடவும் மாட்டேன்."

என் கொண்டை ஊசியை உருவி, அதைக்கொண்டே செதுக்கினேன். சாயங்காலத்துக்குள் பட்டறைப் பெண்கள் எல்லாரும் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தோம்! மறுநாள் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே அத்தனையையும் அவித்து, உறையிட்டுக் கொண்டுவந்தார்.

பயப்படாதே, எனக்கு எதுவும் குத்தவில்லை. ஊசிகள்தான் வளைந்துவிட்டன. நாலைந்து அனுப்பு. புதிது வேண்டாம், உன் தலையில் இருப்பதே போதும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்