சூடான சக்கரத்தில் ஊற்றிய தண்ணீர்

வடக்கனந்தல்

அன்புள்ள மகன் தமிழ்வேந்தனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழில்மதி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் கை கால் உடையாமல் இருக்கிறோம், அதில் உன் புண்ணியம் ஒன்றும் இல்லை. நீயும் புனேவில் நோய் நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாமே என்பாய். நான் குரலை உயர்த்தினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை உன் அப்பா வெள்ளிமலையில் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் இறங்கினார், எழில்மதியும் கூட இருந்தாள். வளைவில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் குளிர் ஜுரக்காரன் கை மாதிரி உதறியிருக்கிறது, வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டில் இடித்து நிறுத்தியிருக்கிறார். வண்டியில் வந்த காசியம்மாள் இறங்கி நின்று உன் அப்பாவைப் பார்த்து, பழனி, வூட்டுக்குப் போற வண்டின்னு நெனச்சி ஏறனேன், சுடுகாட்டுக்குன்னா சொல்லியிருக்கலாமே, பூவாவது வெச்சிக்கினு வந்திருப்பேன் என்றாளாம். அதற்கும் உன் அப்பா சிரித்துவிட்டு, வந்ததும் வராததுமாக உன்னிடம்தான் யோசனை கேட்டார். நீயும் பெரிய என்ஜினீயர் மாதிரி, பிரேக் கட்டை புடிக்கிற தட்டு தேஞ்சிருக்கும்பா, சாணை புடிச்சா கண்ணாடியா ஆய்டும், புதுசு வாங்கறவன் ஏமாளி என்றாய். நீ கார் கம்பெனியில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாய். அந்தப் படிப்பை நம்பி, போன வருஷம் ஒருமுறை சாணை பிடித்த அதே தட்டுகளைக் கழற்றிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, கள்ளக்குறிச்சியில் தங்கதுரை பட்டறைக்குப் போனார்.

தங்கதுரை சுற்றிப் பல இடத்தில் அளந்துவிட்டு, ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் மெலிசு, இன்னும் சூட்டுல தண்ணி ஊத்திக்கினு தான் இருக்கீங்களாண்ணா என்று கேட்டிருக்கிறார். இன்னும் என்று ஏன் கேட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. மலை இறங்கியதும் அடிவார ஓடையில் ஒரு கேன் மொண்டு, புகைகிற சக்கரத்தில் உஸ்ஸென்று ஊற்றுவது யார் கொண்டுவந்த பழக்கம்? நீ இங்கே வண்டி ஓட்டிய காலத்தில், மாட்ட மட்டும் தான் குளிப்பாட்டணுமா, வண்டிக்கும் வேணும்பா என்று நீதான் ஆரம்பித்தாய். உன் அப்பா இன்றுவரை பூசை மாதிரி செய்கிறார். காய்ந்த தோசைக்கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் கோணிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். என்னை யார் கேட்டீர்கள். தட்டின் விளிம்பில் 20 என்று பொறித்திருக்கும், தடிமன் அத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாட்டக்கூடாது என்று தங்கதுரையே சொல்லிவிட்டுத்தான் சாணைக்கல்லை ஓட்டினார். முதல் தட்டு தேறிவிட்டது. இரண்டாவதை மேடு பள்ளம் போகச் சீவி முடித்தபோது 19.6 காட்டியிருக்கிறது. உடனே அவர், அரை மில்லி கூட கம்மி இல்லண்ணா, தாராளமா ஓடும் என்கிறார், உன் அப்பா ஓடும் ஓடும் என்று தலையாட்டுகிறார். இனிமேல் நான் சொல்வதை எழுதமாட்டேன் என்கிறாள் உன் தங்கை, நான் விடவில்லை. பஸ்ஸில் நம் ஊர் வந்தும் நிறுத்தச் சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள், ஒன்பதாவதோடு நின்றவள் என்று நீ கேலி செய்கிறவள், அங்கிருந்த சாக்பீஸை எடுத்து, பளபளக்கும் தட்டின் மேல் 20 என்றும், கீழே 19.6 என்றும், அதற்கும் கீழே 11 பேர் என்றும் எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். பொண்ணு வாயத் தொறக்காமலே நம்ம ரெண்டு பேரையும் செருப்பால அடிச்சிட்டுதுண்ணா என்றாராம் தங்கதுரை. புதுத் தட்டு ஜோடியாக வாங்கி மாட்டியாயிற்று.

பொங்கலுக்கு வந்து ஜீப்பைத் தொடுகிற எண்ணம் இருந்தால் அதை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வா. அந்தக் கேனில் பொத்தல் போட்டுக் கத்திரிச் செடிக்கு வைத்துக்கொண்டேன். பரோட்டாவைக் கம்மி பண்ணு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, உன் தலை சூடுதான் எல்லாவற்றுக்கும் காரணம். நூறு வயசு நன்றாக இரு, அதில் கொஞ்ச நாளாவது அறிவோடு இரு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற ஜெயம்மாள்

அண்ணா, அம்மா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருக்கிறது, இது நானாக எழுதுவது. போன வருஷம் சாணை பிடித்தபோதே தங்கதுரை அண்ணன் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொன்னார். அப்பா உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் ஓடையில் இறங்கிக் கேனை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அம்மா திட்டியதில் உனக்குப் பாதி போதும், மீதி என்னுடையது. தபாலில் போடும் முன் அம்மா முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறது. இதையும் சேர்த்துத்தான் வாசிக்கப் போகிறேன்.