வாசலை மறித்த முள்மரம்

லிஸ்னாகோர்,
பிப்ரவரி கடைசி ஞாயிறு

அன்புள்ள ஃபின்டனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் சுகம், மழையும் சுகமாகப் பெய்கிறது. பெர்த் வெயிலில் நீயும் மருமகளும் வாடாமல் இருக்க மாதா துணை.

இங்கே நம் நிலத்தில் நீ வீடு கட்ட கவுன்சில் அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் சாலை வளைவில் வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம், அதனால் சாலையிலிருந்து உள்ளே வருகிற வாசலை அந்த ஒற்றை முள்மரம் நிற்கிற இடத்தில்தான் வைக்க வேண்டுமாம். அதை வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகளை, அதனடியில் குடியிருக்கிற மாயக் குட்டி மனிதர்கள், பெயர் சொல்லக் கூடாத 'அவங்க', கொண்டுபோய்விடுவார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவன்தானே நீ. மார்ச் பிறந்தால் பறவைகள் கூடு கட்டும், அப்புறம் ஆறு மாதம் மரத்தில் கை வைக்கச் சட்டம் விடாது. நீயோ இந்த வசந்தத்தில் வேலை தொடங்காவிட்டால் அங்கேயே வீடு வாங்கிவிடுவேன் என்கிறாய்.

இங்கே யாருக்கும் அந்தக் கதையில் நம்பிக்கை கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மண் தோண்டும் வண்டி வைத்திருக்கிற மலாக்கி வந்தான், டீ குடித்தான், கேக்கை முழுசாகத் தின்றான், மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தான். "எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்ல பிரீட் அக்கா, ஆனா வண்டிக்கு ஒத்துக்காது" என்றான். அது வெறும் கட்டுக்கதை என்று ஊர்மன்றத்தில் ஒரு மணி நேரம் பேசினாளே கான்செப்டா டீச்சர், அவளிடம் ரம்பம் கேட்டேன். "மொக்கையா போச்சும்மா" என்றாள். கொல்லையில் அவள் புருஷன் விறகு அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதர் டியர்னன் மூடநம்பிக்கை பாவம் என்று சொல்லிவிட்டு, காரை விட்டு இறங்காமலே மரத்தை ஆசீர்வதித்தார். உன் அப்பாவோ, "அது பாட்டுக்கு நிக்கட்டுமே, உன்னை என்ன பண்ணுச்சு?" என்று பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். இன்று பூசை முடிந்து ஊர் அந்த வழியாகத் திரும்புகிற நேரம் பார்த்து, கோடரியை எடுத்துப்போய் நானே வெட்ட ஆரம்பித்தேன். கார்கள் வரிசையாக நின்றன, ஆளாளுக்குச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நம்பிக்கையில்லாத மலாக்கிதான் முதலில் கத்தினான், "வேணாம்க்கா, பிள்ளைங்கள கொண்டுபோயிடுவாங்க" என்று. "கொண்டுபோக இந்த வீட்டுல எந்தப் பிள்ளைடா இருக்கு? ஒண்ணு பெர்த்துல, ஒண்ணு டொரான்டோவுல. மரம் நிக்கிறப்பவேதான் போச்சுங்க" என்றேன். மறுபடியும் வெட்டினேன். எனக்கு மூச்சு வாங்கியது. உன் அப்பா வந்து, பூசைக்குப் போட்ட கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, கோடரியை வாங்கி மிச்சத்தை வெட்டிச் சாய்த்தார்.

மருமகளுக்கு என் முத்தம். கம்பளிச் சட்டைகளை எடுத்துவர மறக்காதே. கடவுள் உங்களைக் கைவிடமாட்டார். வராமல் மட்டும் இருந்துவிடாதேப்பா, அப்புறம் மரத்தை வெட்டினதால்தான் உன்னை 'அவங்க' கொண்டுபோய்விட்டார்கள் என்று இந்த ஊர் சொல்லும், அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இங்கே இருக்க முடியாது.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
பிரீட்